வாரத்தில் ஒரு முக்கால் மணி நேரம்

வாசகர் கடிதம்:

“கோத்தகிரி வட்டாரத்தில் தொகுப்பூதியத்தில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பள்ளிகளுக்குப் போவது போக, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் நாலு வயதுப் பையன். மூளை முடக்குவாதம். தலை சரியாக நிற்கவில்லை, பேச்சு இல்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவார், பாட்டிதான் எல்லாம். பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, திரும்புவதற்குள் அரை நாள் ஓடிவிடுகிறது. அவனோடு இருப்பது முக்கால் மணி நேரம். படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். பதிவேட்டில் மாதாமாதம் ‘முன்னேற்றம் இல்லை’ என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் அவன் அம்மா லீவு போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்து, ‘இவன் எப்ப டீச்சர் நடப்பான்?’ என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு தனியார் தெரபி மையத்தில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போய்விடலாமா? இன்னொரு சின்னச் சந்தேகம். பாட்டி ஒவ்வொரு முறையும் டீயும் வறுக்கியும் வைக்கிறார். வீடுகளில் எதுவும் வாங்கக் கூடாது என்று பிஆர்சியில் (வட்டார வள மையத்தில்) சொல்கிறார்கள். மறுத்தால் அவர் முகம் வாடிவிடுகிறது.”

— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்:

டீயைக் குடியுங்கள், டீச்சர். வாங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு காசுக்கும் பொருளுக்கும் சொன்னது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். குளிரில் நடந்து வந்தவளுக்குத் தரும் ஒரு டம்ளர் டீயை எந்தப் பாட்டியும் லஞ்சமாக நினைப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் குடிக்கிற நேரத்தில் பையனுக்கும் ஏதாவது ஊட்டச் சொல்லுங்கள். இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தலை நிற்காத நாலு வயதுக் குழந்தையிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்ன பார்ப்பீர்கள் என்பதைப் பாதி இங்கிருந்தே சொல்லிவிடலாம். பாட்டி அவனைக் கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் தொங்க, கஞ்சியை வாயில் விட்டுக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஊட்டுகிறார், வேறு விதமாக யாரும் செய்து காட்டவில்லை. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் வாசல் விரிந்து நிற்கும். தண்ணீராக இருக்கும் கஞ்சி, அவன் விழுங்கத் தயாராகும் முன்பே இறங்கிவிடும். கொஞ்சம் நுரையீரலுக்கும் போகும். சாப்பிட்டதும் தொண்டையில் கரகரவென்று ஈரச் சத்தம், புரை ஏறல், மாதம் தவறாமல் சளி, காய்ச்சல், ஏறாத எடை எல்லாம் அதன் தடயங்கள். நம் மலையில் இதற்கு ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும்: “குளிருக்குப் பிடிச்சிருக்கு.” டிசம்பரில் சொன்னால் நம்பலாம். ஏப்ரலிலும் அதையே சொன்னால் நாம்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. அறையின் மூலையில் இரண்டு சுவரும் சேரும் இடத்தில் உட்காரவைத்து, இரு பக்கமும் கம்பளியைச் சுருட்டி அணை கொடுங்கள். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்கட்டும், முழங்கால் மடங்கியிருக்கட்டும், பாதத்துக்குக் கீழே ஏதாவது பலகை இருக்கட்டும். தலை நேராக, முகவாய் ஒரு விரல் அளவு உள்ளே. கரண்டி மேலேயிருந்து வந்தால் அவன் அண்ணாந்து பார்ப்பான், தலை மறுபடி பின்னால் போய்விடும். அதனால் எதிரே உட்கார்ந்து, வாய் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர்க் கஞ்சியைவிடக் கெட்டியான கேழ்வரகுக் கூழ் நல்லது, மெதுவாக இறங்கும். வறுக்கி அவனுக்கு வேண்டாம். உதிர்ந்து உதிர்ந்து புரை ஏறும். டீயில் நனைத்துக் கொடுத்தால் தண்ணீரும் துண்டும் கலந்து இன்னும் மோசம். இவ்வளவுக்குப் பிறகும் இருமினால் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்த்தாக வேண்டும். அதை நீங்களும் நானும் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள முடியாது. எஸ்டேட் தச்சரிடம் சொன்னால் பழைய பலகையில் ஒரு மூலை நாற்காலி அடித்துத் தருவார். பிசியோவிடம் அளவு வாங்கிக் கொடுங்கள், கண் மதிப்பில் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, “நான் டீச்சர், ஊட்டுவதைச் சொல்லித் தருவதா என் வேலை?” என்று தோன்றலாம். உங்கள் கடிதம் முழுக்க ஓடுவது அந்த எண்ணம்தான். முக்கால் மணி நேரத்தில் நீங்கள் அவனுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அது அவனிடம் இல்லை. எப்படி இருக்கும்? அவன் விழித்திருக்கும் நேரம் நாளைக்குப் பத்து மணி என்று வைத்தாலும் வாரத்துக்கு எழுபது. அதில் உங்கள் பங்கு ஒரு மணிகூட இல்லை. மீதியெல்லாம் பாட்டியுடையது. உங்கள் மாணவர் அந்தப் பாட்டி. அவர் மூலமாகத்தான் பையன்.

நான் கண்டுபிடித்துச் சொல்லும் புதுமை இல்லை இது. 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரை மையமாக வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிராமப்புறம், வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம், எல்லாக் குழந்தைகளையும் ஒரே மையத்துக்கு வரவழைக்க வழியில்லை. அதனால் பயிற்றுநர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போவார். அடுத்த வாரத்துக்குள் எட்டிவிடக்கூடிய சின்ன இலக்கு ஒன்றைப் பெற்றோரோடு சேர்ந்து தேர்ந்தெடுப்பார், செய்து காட்டுவார், பெற்றோரைச் செய்யவைத்துப் பார்ப்பார், குறித்துக்கொள்ள ஒரு தாளை விட்டுவிட்டு வருவார். நாள்தோறும் செய்வது வீட்டார். உலகம் முழுக்கப் பரவிய அந்த முறை, ஆள் போதாமல், பாதை தூரமாக இருந்ததால் பிறந்தது. நமக்கென்றே வைத்தது போலிருக்கிறது. நம்மூரிலேயே சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் ‘உபநயன்’ பயிற்சித் திட்டமும் தாயை உள்ளே உட்காரவைத்தே ஓடுகிறது.

அதனால் அடுத்த முறை போகும்போது நேரத்தைத் திருப்பிப் போடுங்கள். முதலில் போன வாரம் சொன்னதைப் பாட்டி செய்து காட்டட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள் (இதுதான் கஷ்டம், கை துறுதுறுக்கும்). எங்கே இடறுகிறார் என்று தெரிந்ததும் அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்துங்கள். பிறகு புதிதாக ஒன்று. ஒன்றே ஒன்று. பன்னிரண்டு பயிற்சிப் படங்களை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வரும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அது பாட்டிக்காக ஒட்டுவதில்லை, அதிகாரி பார்வைக்காக ஒட்டுவது.

அந்த ஒன்றும் பாட்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குள் உட்கார வேண்டும். தனியாக ‘தெரபி நேரம்’ என்று ஒதுக்கச் சொன்னால் அது முதல் வாரத்தோடு போய்விடும். உங்களுக்கு ஓர் உதாரணம் ஸ்வெட்டர். சமவெளிக் குழந்தைக்கு இல்லாத ஒரு பாடம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. காலையில் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போட வேண்டும், வெயில் வந்ததும் கழற்ற வேண்டும், மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கினால் மறுபடி போட வேண்டும். யாரும் சொல்லாமலே தினமும் பலமுறை நடக்கிற பயிற்சி. எந்தக் கை அதிகம் விறைப்பாக இருக்கிறதோ அதை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அது கடைசி. இழுக்கக் கூடாது. தோளைத் தளர்த்தி, முழங்கையை மெதுவாக நீட்டிவிட்டால் கை தானே வரும். போடும்போது “கை எங்கே?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும் வரை. நம்மவர்களுக்கு இரண்டு எண்ணுவதற்குள் பொறுமை போய்விடும், கையை நாமே பிடித்து நுழைத்துவிடுவோம். அவன் மூளையிலிருந்து தோளுக்குச் செய்தி போய்ச் சேர அந்தப் பத்தும் தேவை. குல்லாவைக் கண் வரை இறக்கிவிட்டால் அவனே தலையை ஆட்டித் தள்ளப் பார்ப்பான். அதுவும் கழுத்துக்கு வேலைதான், சிரிப்பும் கூட.

குளிரில் விறைப்பு கூடும். காலை ஏழு மணிக்கு எழுப்பிக் கைகாலை நீட்டச் சொன்னால் குழந்தை அழும், பாட்டி நிறுத்திவிடுவார், நிறுத்தியதும் சரிதான். வெந்நீரில் குளிப்பாட்டித் துவட்டியதும், உடம்பு சூடாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

பேச்சு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பதை எப்படிக் காட்டுகிறான்? பாட்டிக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும். நாக்கை நீட்டுவானோ, கண்ணைத் திருப்புவானோ, உடம்பை விறைப்பானோ, ஏதோ ஒன்று இருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அவனுடைய முதல் அகராதி. அதற்கு மேல், எதைக் கொடுத்தாலும் இரண்டாகக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கையில் கூழ்க் கிண்ணம், அந்தக் கையில் வாழைப்பழம். கண் எந்தப் பக்கம் போகிறதோ அது அவன் கேட்டது. உடனே கொடுத்துவிட வேண்டும். கண்ணால் கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்த பிறகுதான் படங்களும் அட்டைகளும். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக் காட்டும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது. ஆனால் அது பிற்பாடு. ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) பழங்குடிக் கிராமங்களிலும் உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே வீட்டில் படுகரோ இருளர் மொழியோ பேசுகிறார்கள் என்றால் நீங்கள் தமிழில் கேட்ட கேள்விக்குக் குழந்தை பதில் சொல்லாததை ‘புரிந்துகொள்ளும் திறன் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பாட்டியையே கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது அந்தப் பதிவேடு. ‘முன்னேற்றம் இல்லை’ என்று நீங்கள் எழுதுவதற்குக் காரணம், ‘தானாகச் செய்கிறான்’, ‘செய்யவில்லை’ என்று இரண்டே கட்டத்தில் அளப்பதுதான். அறிவுசார் குறைபாடு உடையோருக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய எஃப்.ஏ.சி.பி. என்ற திறன் மதிப்பீட்டுப் படிவத்தை நீங்கள் படிப்பிலேயே பார்த்திருப்பீர்கள். அதில் இடையில் எத்தனை படி வைத்திருக்கிறார்கள்! கையைப் பிடித்துச் செய்யவைத்தால் ஒன்று, வாயால் சொன்னால் போதுமென்றால் ஒன்று, எப்போதாவது ஒரு சைகை போதுமென்றால் இன்னொன்று. ‘வாய்ப்பே தரப்படவில்லை’ என்பதற்கும் ஒரு குறி உண்டு. நம் மலைப் பிள்ளைகளின் பல ‘இல்லை’கள் உண்மையில் அந்தக் கடைசி வகை. கரண்டியைக் கையிலேயே கொடுக்காத பிள்ளைக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை என்று எழுதுவது நியாயமா? ஸ்வெட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் முழுக் கையையும் நாமே நுழைத்தோம், ஆகஸ்டில் முழங்கையைத் தொட்டதும் தோள் அசைந்தது, அக்டோபரில் “கை எங்கே” என்றதும் விரல் விரிந்தது. இப்படி எழுத முடிந்தால் அது முன்னேற்றம். மேலதிகாரி அந்தக் கட்டத்தில் டிக் மட்டும் கேட்டால் டிக் போட்டுக் கொடுங்கள். இதை உங்கள் நோட்டில் எழுதுங்கள். அதன் பிரதி ஒன்று பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். “நடப்பான்மா, கவலைப்படாதீங்க” என்று நீங்கள் சொல்லாமல் வந்தது நல்லது. ஆனால் பேசாமல் வந்ததும் ஒரு பதில்தான், அதை அவர் ராத்திரி முழுக்கத் தனக்குத் தெரிந்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காத்திருந்தவர் அவர். பொதுவாக நமக்குத் தெரிந்தது இது: இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிடும் மூளை முடக்குவாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறகு ஏதோ ஒரு விதத்தில் நடக்கிறார்கள். நாலு வயதிலும் தலை நிற்காத குழந்தை தானாக நடப்பது மிக அரிது. இந்தப் பையனைப் பற்றி அதைச் சொல்ல வேண்டியவர் அவனைப் பரிசோதித்த மருத்துவர். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் அந்த அம்மா போகும்போது நீங்களும் கூடப் போகலாம், அவர் கேட்கத் தயங்குவதை நீங்கள் கேட்கலாம்.

அதுவரை நான் சொல்லும் பதில் இப்படி இருக்கும்: “நடப்பதைப் பற்றி டாக்டர்தான் சொல்லணும்மா, நானும் கூட வர்றேன். என் கண்ணுக்கு இப்ப அது ரொம்பக் கஷ்டமாத்தான் தெரியுது. இந்த வருஷம் புரையேறாம சாப்பிடணும், சாய்ஞ்சு உட்காரணும், வேணும் வேணாம்னு நமக்குச் சொல்லணும். இந்த மூணுக்கும் நாம வேலை செய்யலாம்.” அழுவார். அழட்டும். அதற்கடுத்த வாரமும் நீங்கள் வருகிறீர்களா என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் கேட்க வேண்டியது இடுப்பு எக்ஸ்ரே. நடக்காத மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகும் ஆபத்து அதிகம். வலி வருவதற்கு வெகு முன்பே படத்தில் தெரிந்துவிடும். துணி மாற்றும்போது தொடை விரிய மறுத்தாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ தள்ளிப் போடாதீர்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் டப்பாவில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். மழையில் பாதை அடைபட்டு மாத்திரை நின்று வலிப்பு வந்தால், மாதக்கணக்கில் சேர்த்தது ஒரு ராத்திரியில் பின்னுக்குப் போகலாம்.

சலுகைகளை நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் அது முதல் வேலை. கடும் பாதிப்புக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். ஒன்றிய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு. இன்னொன்று, அருகிலுள்ள பால்வாடியில் அவன் பெயர் இருக்கிறதா பாருங்கள். அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்ப்பதற்கென்றே 2023 நவம்பரில் ஒன்றிய அரசு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பாட்டி தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால்கூடப் போதும், அவன் மற்ற பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்பான். பாட்டிக்கும் லைனை விட்டு வெளியே வந்தது போலிருக்கும். ஆறு வயதானதும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். வீட்டிலிருந்தே கற்றாலும் அது அவனுடைய சட்ட உரிமை.

கோயம்புத்தூர் விஷயம். போகாதே, மலை மக்களுக்குச் சேவை செய் என்று நான் சொல்லப்போவதில்லை. தொகுப்பூதியத்தில் பஸ் காசும் கைக்காசு போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களிடம் தியாகத்தைப் பற்றிப் பேச மற்றவர்களுக்கு உரிமை இல்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15க்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. 2025 மார்ச்சில் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நிரந்தரப் பணி வரலாம், எப்போது என்று தெரியாததை நம்பி வீட்டுக் கடனை நிறுத்தி வைக்க முடியாது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவைக் காலாவதியாக விடாமல் வைத்திருங்கள், அதற்கான தொடர் பயிற்சிப் புள்ளிகளைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள். அரசுப் பணி வந்தாலும் தனியார் வந்தாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

ஆனால் ‘என்னால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். அந்த எண்ணம் கோயம்புத்தூருக்கும் கூடவே வரும். மேலே சொன்னபடி இந்தக் கல்வியாண்டு முடியும் வரை செய்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் அந்த மையத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். தாய்மாரை அறைக்குள் விடுகிறார்களா, கதவைச் சாத்திவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறார்களா? பிசியோவும் பேச்சுப் பயிற்சியாளரும் உங்களோடு ஒரே குழந்தையைச் சேர்ந்து பார்ப்பார்களா? அப்படி இருந்தால் போங்கள். மலையில் தனியாளாக அலைந்து கற்க முடியாத பலதை இரண்டு வருடத்தில் அங்கே கற்பீர்கள். கதவைச் சாத்தும் இடமென்றால் சம்பளத்தைத் தவிர அங்கே உங்களுக்கு வேறொன்றும் கிடைக்காது. சம்பளமே போதும் என்றாலும் அது உங்கள் முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ள நகல் போதும்.